குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர் மறுபடியும் பெற வேண்டுமா? முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

காவிரிப் படுகையில் பழைய கிறிஸ்தவக் குடும்பம் எதுவானாலும், இந்தக் கேள்வி அந்த வீட்டுக்குள் ஒரு முறையாவது வந்திருக்கும். பெற்றோர் தலைமுறை தலைமுறையாக ஒரே ஆலயத்துக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். மகனோ மகளோ திருச்சிக்கோ சென்னைக்கோ படிக்கப் போன இடத்தில் ஒரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்து, வேதத்தை முதன்முறையாக ஊன்றி வாசித்து, மனம் உடைந்து அழுது, புது மனிதராகத் திரும்பி வந்திருப்பார்கள். அடுத்த வாரமே யாராவது ஒருவர், "நீங்கள் ஞானஸ்நானம் எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்பார். கைக்குழந்தையாக இருந்தபோதே கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னால், "அது தெளிப்பு (தண்ணீரைத் தெளிப்பது மட்டும்), அது ஞானஸ்நானம் ஆகாது" என்ற பதில் வரும். அன்றிரவு அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் இருக்காது. செய்தி பெற்றோருக்கு எட்டிய நாளிலிருந்து அவர்களுக்கும் இருக்காது.

குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பைப் பல ஆண்டுகளாக நடத்திவருபவன் என்ற முறையில், இந்தக் கலக்கத்தோடு என்னிடம் வந்த இளைஞர்களையும் அவர்களுடைய தாய் தகப்பன்மாரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். என் நிலையை மறைத்துக்கொண்டு நடுநிலை பேசுவது நேர்மையாகாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில், குழந்தைப் பருவத்தில் உண்மையாகவே ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டிருந்தால், அதை மறுபடியும் செய்யத் தேவையில்லை என்பது என் நம்பிக்கை. ஆயினும் சுத்த மனச்சாட்சியோடு மறுபடியும் ஞானஸ்நானத்துக்காகத் தண்ணீரில் இறங்கியவர்கள் என் சொந்தக் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய பக்தியை நான் சந்தேகித்ததில்லை. ஆகவே நீங்கள் எந்தப் பக்கம் போனாலும், அவசரமில்லாமலும் ஒளிவுமறைவில்லாமலும் போவதற்கு இந்த வழிமுறை உதவ வேண்டும்.

முதலில் பதிவேட்டைப் பாருங்கள்

தர்க்கத்துக்கு இறங்குமுன் செய்ய வேண்டிய எளிய வேலை இது. பெரும்பாலோர் இதைச் செய்வதேயில்லை. உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதா, எங்கே, எந்த நாளில், யாரால் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தென்னிந்தியத் திருச்சபை என்றால் குருசேகர (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளின்) அலுவலகத்திலும், லுத்தரன் சபை என்றால் அந்தச் சபையின் போதகரிடமும், கத்தோலிக்கர் என்றால் பங்கு அலுவலகத்திலும் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். பெற்றோர் பெயர், பிறந்த ஆண்டு, ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்காக வாக்குக் கொடுத்தவர்கள்) பெயர் ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் பதிவேட்டில் வேறொரு பெயரும் இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம் என்பதால், பெயரை மட்டும் நம்பித் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

சபைகளின் நிர்வாகம் மாறியிருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கத்தோலிக்கரின் தஞ்சாவூர் மறைமாவட்டம் 1952-இல்தான் மயிலாப்பூரிலிருந்து பிரிந்தது. ஆங்கிலிக்கன் மிஷன் நடத்திய ஆலயங்கள் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தன. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக அமைந்தது 1919-இல். தாத்தா, பாட்டி காலத்துப் பதிவுகளைத் தேடுகிறவர்கள் மேலிடத்துக்கு எழுதுவதைவிட, அந்த ஊர் ஆலயத்தின் பழைய பதிவேட்டைக் காட்டும்படி கேட்பதே நல்லது.

இந்தத் தேடலில் மூன்றுவிதமான உண்மைகள் வெளிப்படலாம். முதலாவது, ஞானஸ்நானமே நடக்கவில்லை என்பது. வேளாங்கண்ணியில் மொட்டை அடித்துக் காது குத்தியதையும், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்காத பெந்தெகொஸ்தே சபையில் பாஸ்டர் குழந்தையைக் கையில் ஏந்திப் பிரதிஷ்டை செய்து (தேவனுக்கு ஒப்புக்கொடுத்து) பெயரிட்டதையும் ஞானஸ்நானம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்த பலரை நான் சந்தித்திருக்கிறேன். அவை நேர்த்திக்கடனும் பிரதிஷ்டையும் மட்டுமே. அப்படிப்பட்டவருக்கு "மறுபடியும்" என்ற கேள்வியே எழாது. அவர் முதன்முறையாக ஞானஸ்நானம் பெற வேண்டியவர், எந்தச் சபையும் இதை மறுக்காது. இரண்டாவது, பிறந்தவுடன் உயிருக்கு ஆபத்தாக இருந்ததால் மருத்துவமனையிலேயே ஒரு கன்னியாஸ்திரீயோ தாதியோ தண்ணீர் ஊற்றித் திரியேக நாமத்தை (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று) சொல்லிக் கொடுத்த அவசர ஞானஸ்நானம். கத்தோலிக்கத் திருச்சபை இதை முழுமையான ஞானஸ்நானமாகவே ஏற்கிறது; பிறகு ஆலயத்தில் மற்ற சடங்குகளை மட்டும் நிறைவுசெய்வார்கள். மூன்றாவது, நடந்ததா இல்லையா என்றே உறுதிப்படுத்த முடியாத நிலை. பதிவேடு கரையான் அரித்தோ வெள்ளத்தில் நனைந்தோ போயிருக்கலாம், சாட்சி சொல்லப் பெரியவர்களும் இல்லாதிருக்கலாம். இதற்காகவே பழைய சபைகளில், "நீ இதற்கு முன் ஞானஸ்நானம் பெற்றிராவிட்டால்" என்று நிபந்தனையோடு தொடங்கும் முறை ஒன்று உண்டு. சந்தேகத்தில் வாடுகிற ஒருவருக்கு இவ்வளவு பரிவான ஏற்பாடு இருப்பது நம் மக்களில் பலருக்குத் தெரியாது. உங்கள் போதகரிடம் தயங்காமல் கேளுங்கள்.

சொற்களைக் கவனியுங்கள்

பழைய சபையில் ஞானஸ்நானம் "பெற்றேன்" என்போம், குழந்தைக்குக் "கொடுத்தார்கள்" என்போம். பெந்தெகொஸ்தே சபையினர் ஞானஸ்நானம் "எடுத்தேன்" என்பார்கள். இந்த இரண்டு வினைச்சொற்களிலேயே விவாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெறுவது என்றால் கொடுக்கிறவர் முந்திக்கொள்கிறார், தேவன் முதலில் செயல்படுகிறார், மனிதன் பின்னால் பதில் சொல்கிறான். எடுப்பது என்றால் விசுவாசித்த மனிதன் தன் கீழ்ப்படிதலை அறிக்கையிடுகிறான். இரண்டுக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. ஞானஸ்நானத்தில் இவற்றில் எது அடித்தளம், எது அதன்மேல் எழும் கட்டடம் என்பதுதான் உங்கள் முன் உள்ள உண்மையான கேள்வி. எதிர்த்தரப்பாருடன் பேசும்போது இந்த இடத்துக்கு வந்து சேராவிட்டால், எத்தனை மணி நேரம் பேசினாலும் வசனங்களை ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டுதான் இருப்பீர்கள்.

அதேபோல் "மறுஞானஸ்நானம்" என்ற சொல்லையும் யோசித்துப் பயன்படுத்துங்கள். 1525 ஜனவரி 21 அன்று சூரிச் நகரில் சிலர் ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டபோது, எதிரிகள் அவர்களை மறுஞானஸ்நானக்காரர் என்று இகழ்ந்தார்கள். குழந்தையில் நடந்ததை ஞானஸ்நானமாகவே தாங்கள் கருதவில்லை என்பதால், இது தங்களுக்கு முதல் ஞானஸ்நானம் என்பதே அவர்களுடைய பதிலாக இருந்தது. அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில் சூரிச் நகர ஆட்சியார் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். குழந்தை ஞானஸ்நானத்தை ஆதரிக்கும் என்போன்றவர்கள் இந்த நிகழ்ச்சியை மறக்கக் கூடாது. ஆற்றில் இறங்கிய மகனை வீட்டைவிட்டுத் துரத்துகிற தகப்பனாரிடம் இதை நான் சொல்லியிருக்கிறேன்.

தண்ணீரின் அளவையும் பெறுகிறவரின் வயதையும் பிரித்துப் பாருங்கள்

நம் ஊர்களில் நடக்கும் வாக்குவாதங்களில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. தெளிப்பா, ஊற்றுதலா, முழுக்கா என்பது ஒன்று. குழந்தையா, பெரியவரா என்பது மற்றொன்று. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் கைக்குழந்தையையே மூன்று முறை தண்ணீரில் முழுக்கித்தான் ஞானஸ்நானம் கொடுக்கின்றன. பெரியவர்களுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளும் உண்டு. ஆகவே தண்ணீரின் அளவு மட்டுமே உங்களை உறுத்துகிறதென்றால், அது வயதைப் பற்றிய கேள்வியல்ல. ஆதித் திருச்சபையின் மிகப் பழைய ஒழுங்குக் கையேடான தீடகே, ஓடும் நீரில் கொடுக்கச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் வேறு நீரில், இரண்டும் போதிய அளவு இல்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும் என்கிறது. மே மாதத்தில் அரசலாறும் வீரசோழனாறும் மணலாகக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த அனுமதியின் நியாயம் எளிதில் விளங்கும். அதேவேளை, முழுக்குத்தான் அந்தக் கையேட்டின் இயல்பான எதிர்பார்ப்பு என்பதையும், குழந்தைகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

வேதத்தை வாசிக்கும் முறை

இருபுறமும் சொல்லப்படும் வசனங்களை ஒரு நோட்டில் எழுதி, அந்தந்த அதிகாரத்தை முழுவதுமாக வாசியுங்கள். மாற்கு 16:16-இல் "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்" என்று வருகிறது. விசுவாசம் முதலில், ஞானஸ்நானம் பிறகு என்பதற்கு இதையே காட்டுவார்கள். அந்த வாதம் பலமானது. சுவிசேஷத்தை முதன்முறையாகக் கேட்கும் பெரியவர்களுக்கு அந்த வரிசைதான் பொருந்தும் என்பதை எல்லாச் சபைகளும் ஏற்கின்றன. மறுபுறம், அப்போஸ்தலர் 2:39-இல் பேதுரு வாக்குத்தத்தம் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உரியது என்கிறார். 16-ஆம் அதிகாரத்தில் லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் வீட்டாரோடுகூட ஞானஸ்நானம் பெறுகிறார்கள். கொலோசெயர் 2-ஆம் அதிகாரம், யூதர் தங்கள் ஆண் குழந்தைகளுக்குச் செய்துவந்த விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் அருகருகே வைத்துப் பேசுகிறது. புதிய ஏற்பாட்டில் ஒரு கைக்குழந்தை ஞானஸ்நானம் பெற்றதாக வெளிப்படையான நிகழ்ச்சி எதுவும் இல்லை. விசுவாசிகளின் வீட்டில் பிறந்த ஒரு பிள்ளை வளர்ந்து பெரியவனான பிறகு ஞானஸ்நானம் பெற்றதாகவும் ஒரு நிகழ்ச்சி இல்லை. இந்த இரண்டு வெற்றிடங்களையும் ஒப்புக்கொண்டு பேசுகிறவரிடம் மட்டும் நீங்கள் ஆலோசனை கேட்கலாம்.

உங்கள் கேள்விக்கு நெருங்கி வருபவை வேறு இரண்டு பகுதிகள் என்று நான் கருதுகிறேன். அப்போஸ்தலர் 19-இல், எபேசுவில் இருந்த சீஷர்கள் யோவானின் ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தார்கள். பவுல் அவர்களுக்குக் கர்த்தராகிய இயேசுவின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கச் செய்கிறார். இரண்டாவது முறை எடுப்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அங்கே முதலில் பெற்றது கிறிஸ்துவின் ஞானஸ்நானமே அல்ல. அப்போஸ்தலர் 8-இல் மாயவித்தைக்காரனாகிய சீமோன் கிறிஸ்துவின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிறகு, பணத்தால் ஆவியின் வரத்தை வாங்கப் பார்க்கிறான். அவனுடைய இருதயம் தேவனுக்கு முன்பாகச் செம்மையாயிருக்கவில்லை என்று பேதுரு நேருக்கு நேர் சொல்கிறார். மறுபடி தண்ணீரில் இறங்கும்படி அவர் சொல்லவில்லை. மனந்திரும்பி ஜெபிக்கச் சொல்கிறார். பெற்றபோது உண்மையான விசுவாசம் இல்லாதிருந்த ஒருவருக்கு அப்போஸ்தலர் கொடுத்த ஆலோசனை இதுவே. என் நிலைக்கு அடித்தளமாக இந்தப் பகுதியைத்தான் வைத்திருக்கிறேன். எபேசியர் 4:5-இன் "ஒரே ஞானஸ்நானம்" என்ற சொற்களை இதனோடு சேர்த்து வாசியுங்கள்.

"எனக்குக் கொடுத்த போதகரே விசுவாசி அல்லவே" என்று சிலர் கேட்பார்கள். இது மூன்றாம் நூற்றாண்டிலேயே கார்த்தேஜின் கண்காணியாகிய (பிஷப்) சிப்ரியானுக்கும் ரோமாபுரியின் கண்காணியாகிய ஸ்தேவானுக்கும் நடந்த வழக்கு. பிரிந்துபோனவர்கள் கொடுத்த ஞானஸ்நானமும் செல்லும் என்ற ஸ்தேவானின் கருத்தே மேற்கத்தியத் திருச்சபையில் நிலைத்தது. கொடுக்கிறவரின் தகுதி ஞானஸ்நானத்தை ஆக்குவதோ அழிப்பதோ இல்லை என்பதைப் பின்னர் ஆதிச் சபையின் பெரும் போதகரான அகுஸ்தீன் விரிவாக விளக்கினார். அந்த அகுஸ்தீன் கிறிஸ்தவத் தாயின் மகனாக இருந்தும் குழந்தையில் ஞானஸ்நானம் பெறாமல், 387-இல் முப்பது வயதைக் கடந்த பிறகே பெற்றார். ஆகவே ஆதிச் சபை முழுவதும் ஒரே வழக்கம்தான் இருந்தது என்று எந்தத் தரப்பும் சாதிக்க முடியாது.

நம் படுகையின் கதையும் அப்படித்தான். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் அடுத்த ஆண்டு முதன்முதலில் ஞானஸ்நானம் கொடுத்தது, கற்பிக்கப்பட்டு அறிக்கையிட்ட ஐந்து பேருக்கு. பின்பு அத்தகைய குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் கைக்குழந்தைகளாகவே ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். முதல் தலைமுறைக்குப் பெரியவர் ஞானஸ்நானம், அடுத்த தலைமுறைக்குக் குழந்தை ஞானஸ்நானம் என்ற இந்த வரிசை, மிஷன் சென்ற இடமெல்லாம் காணப்படுவது. "நம் முன்னோர் பெரியவர்களாகத்தானே பெற்றார்கள்" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள்.

குறைவது எது என்று கேட்டுப் பாருங்கள்

மறுபடி எடுக்க விரும்புகிறவர்களில் பலருக்கு உள்ளபடியே இருக்கும் ஏக்கம் வேறு என்பதை அனுபவத்தில் கண்டேன். தங்கள் வாயால், தங்கள் குரலால், சபை கேட்க, "நான் இவரை விசுவாசிக்கிறேன்" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு நாள் வேண்டும். அந்த நாளாக இருக்க வேண்டியது திடப்படுத்தல், கத்தோலிக்கருக்கு உறுதிபூசுதல். நாங்கள் அதை மனப்பாடப் பரீட்சையாகவும், புது வெள்ளைச் சட்டையும் புகைப்படமும் பிரியாணியும் கொண்ட வைபவமாகவும் ஆக்கிவிட்டோம். கற்பனைகளை ஒப்பித்த பிள்ளையிடம், "நீ ஆண்டவரை நேசிக்கிறாயா?" என்று நானே பல ஆண்டுகள் கேட்காமல் விட்டேன். பிறகு வேறொருவர் அதைக் கேட்டபோது அந்தப் பிள்ளை அவர் பின்னால் போனதில் வியப்பில்லை.

ஆகவே உங்கள் போதகரிடம் போய், சபை முன்பாகச் சாட்சி சொல்லி ஞானஸ்நான உடன்படிக்கையைப் புதுப்பிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேளுங்கள். கத்தோலிக்கர் உயிர்ப்புப் பெருவிழிப்பில் ஆண்டுதோறும் திருமுழுக்கு (ஞானஸ்நான) வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறார்கள். பல சபைகளில் புத்தாண்டையொட்டி உடன்படிக்கை ஆராதனை நடக்கிறது. அந்த நாளுக்கு முந்திய மாதம் பழைய சண்டைகளை ஒப்புரவாக்குவது, திருப்பித் தர வேண்டிய கடனைத் தருவது, பேசாமலிருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போவது என்று உண்மையான செய்கைகளோடு ஆயத்தப்படுங்கள். ஞானப்பெற்றோர் உயிரோடிருந்தால் அவர்களையும் அழைத்து, அன்று உங்கள் பெயரால் அவர்கள் கொடுத்த வாக்கை இன்று நீங்களே ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று சொல்லுங்கள். இதற்குப் பிறகும் மனம் அமைதியடையவில்லை என்றால், ஓராண்டு காத்திருங்கள். "இந்த முகாம் முடிவதற்குள் எடுக்காவிட்டால் இரட்சிப்பில்லை" என்று அவசரப்படுத்துகிற எவரையும் நம்பாதீர்கள்.

எடுப்பது என்று உறுதிசெய்தவருக்கு

என் ஆலோசனைக்கு மாறாக நீங்கள் முடிவுசெய்தால், பெற்றோரிடம் முதலில் சொல்லுங்கள். அவர்கள் அடுத்தவர் வாயால் கேள்விப்படக் கூடாது. "அப்பா, அம்மா, நீங்கள் விசுவாசத்தோடு என்னை ஆலயத்துக்குத் தூக்கிச் சென்றீர்கள், அதை நான் பொய் என்று சொல்லவில்லை, என் மனச்சாட்சி இதைக் கேட்கிறது" என்று சொல்ல முடியாதவர் இன்னும் ஆயத்தமாகவில்லை. திருமணமானவர் துணைவரின் மனத்தையும், மாமனார் மாமியாரின் மனத்தையும் அறியாமல் இதில் இறங்கக் கூடாது.

அடுத்து உங்கள் பழைய சபையின் போதகரைச் சந்தித்து, உங்கள் அங்கத்தினர் உரிமை, திருவிருந்தில் பங்கு, பிள்ளைகளின் திருமணம், கல்லறைத் தோட்டத்தில் இடம் ஆகியவை என்னவாகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கல்லறைக் கேள்வியைக் கேட்க நம்மவர்கள் கூச்சப்படுவார்கள். எங்கள் பகுதியில் ஒரு குடும்பம், இறந்தவரின் உடலை வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொண்டு, எந்தத் தோட்டத்தில் அடக்கம் செய்ய அனுமதிப்பார்கள் என்று இரவு முழுவதும் ஆளனுப்பிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதன்பின் இதை எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞானஸ்நானம் கொடுக்கப்போகும் பாஸ்டரிடமும் கேளுங்கள்: எந்த நாமத்தில் கொடுக்கிறீர்கள், இயேசுவின் நாமத்தில் மட்டுமா, திரியேக நாமத்திலா? எழுத்தில் சான்று தருவீர்களா? என் பெற்றோரின் சபையைப் பற்றி என்ன போதிக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கான பதிலில் கசப்பு மட்டுமே இருந்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 1970-இல் அமைந்த வட இந்தியத் திருச்சபை குழந்தை ஞானஸ்நானத்தையும் விசுவாசிகளின் ஞானஸ்நானத்தையும் ஒரே கூரையின்கீழ் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கசப்பில்லாமல் வேறுபட முடியும் என்பதற்கு அது போதிய சான்று.

ஆற்றில் இறங்குவதானால் ஆற்றை அறிந்தவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். தண்ணீர் புதிதாக வரும் நாட்களில் ஆழமும் இழுப்பும் மாறிக்கொண்டே இருக்கும். கொள்ளிடத்தில் மணல் எடுத்த பள்ளங்கள் மேலே தெரியாது. முந்தின நாளே கழியால் ஆழம் பார்த்து, இடுப்பளவுக்கு மேல் இல்லாத இடத்தைக் குறித்து, நீந்தத் தெரிந்த இருவரைக் கீழ்ப்பக்கம் நிறுத்துங்கள். வலிப்பு, இதயநோய், கர்ப்பம் இருந்தால் பாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பெண்களுக்குக் கரையில் மறைவிடமும் துணைக்கு ஒரு பெண்ணும் இருக்க வேண்டும். சபைக் கட்டடத்தில் உள்ள தொட்டியில் எடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

எடுத்த பிறகு முதல் ஞானஸ்நானச் சான்றைக் கிழித்துவிடாதீர்கள். மன எழுச்சியில் அப்படிச் செய்து, பின்பு வேறு சபையில் மகளின் திருமணம் பேசும்போது பங்கு அலுவலகத்துக்கு அலைந்தவர்கள் உண்டு. இரண்டு சான்றுகளையும் ஒரே உறையில் போட்டு, எது எந்த நாளில், எந்த ஆலயத்தில், யார் கையால் என்று மேலே எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.